பிளாக்ஜாக்கில் சீட்டு எண்ணினால் அது திருட்டுக் காசா?

கேள்வி: நியூஜெர்சியில் சாஃப்ட்வேர் வேலையில் இருக்கிறேன். எச்1பி விசா, கிரீன் கார்டு வரிசையில் நிற்கிறேன். பிளாக்ஜாக்கில் சீட்டு எண்ணக் கற்றுக்கொண்டு அவ்வப்போது அட்லாண்டிக் சிட்டி போய் ஆடுகிறேன். இதுவரை கொஞ்சம் லாபம்தான். திருச்சியிலிருந்து வந்திருக்கும் மாமனாருக்கு விஷயம் தெரிந்துபோய், "சூதாடுறதுகூடப் பரவாயில்லை மாப்பிள்ளை, ஏமாத்தி ஜெயிச்ச காசு இந்த வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்று சொல்லிவிட்டார். மனைவிக்கு நான் ஆடுவது தெரியும், எவ்வளவு வைத்து ஆடுகிறேன் என்பது அவ்வளவாகத் தெரியாது. இப்போது ஒரு குழு என்னைக் கூப்பிடுகிறது. பணம் அவர்களுடையது, பெரிய பெட் போடுவது நான். வேறு பெயரில் ஆட வேண்டும், எண்ணிக்கைக்குப் போனில் ஒரு ஆப் இருக்கிறது, காதில் சின்ன இயர்போன் வைத்துக்கொண்டால் போதும் என்கிறார்கள். சீட்டு எண்ணுவது தப்பா? குழுவில் சேரலாமா? அப்புறம், மேலே கேமராவில் பார்ப்பவர்களுக்கு நாம் எண்ணுவது எப்படித் தெரிகிறது, உதடு அசைவதை வைத்தா?

பதில்: நான் எந்தப் பக்கத்து ஆள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அட்லாண்டிக் சிட்டியில் டீலராகச் சேர்ந்து, அப்புறம் பல வருடம் கண்காணிப்பு அறையில் உட்கார்ந்து, உங்களைப் போன்றவர்களைப் பிடித்துக் கொடுத்துச் சம்பளம் வாங்கியவன். இப்போது அதே வேலையைப் புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அப்படிப்பட்ட நானே சொல்கிறேன், தலைக்குள் சீட்டு எண்ணுவது ஏமாற்று வேலை கிடையாது. சட்டப்படியும் கிடையாது, என் மனசாட்சிப்படியும் கிடையாது. உங்கள் கடிதத்தில் ஏமாற்று வேலை இருக்கத்தான் செய்கிறது, ஆனால் மாமனார் கை காட்டிய இடத்தில் இல்லை.

அவருக்கு இதை விளக்க வேண்டுமென்றால் ஒரு கட்டுச் சீட்டை எடுத்து மேசையில் வைத்துக் காட்டுங்கள். சீட்டுகளின் கூட்டு 21-ஐத் தாண்டாமல் டீலரை முந்துவதுதான் பிளாக்ஜாக் ஆட்டம். 2 முதல் 6 வரை எந்தச் சீட்டு வந்தாலும் ஒன்று கூட்டு, 7, 8, 9 வந்தால் சும்மா விடு, 10, ஜாக்கி, ராணி, ராஜா, ஏஸ் வந்தால் ஒன்று கழி. 5, 2, ராஜா, 6, 9, 3 என்று விழுந்தால் கணக்கு மூன்றில் நிற்கும். அவ்வளவுதான் வித்தை. சின்னச் சீட்டெல்லாம் வெளியே போய்விட்டால் மிச்சத்தில் பெரிய சீட்டு அதிகம் என்று அர்த்தம். அப்போது பிளாக்ஜாக், அதாவது முதல் இரண்டு சீட்டிலேயே 21, விழ வாய்ப்பு அதிகம், அதற்கு ஒன்றுக்கு ஒன்றரை பங்கு பணம் உண்டு. கூடவே, 12-லிருந்து 16 வரை கையில் வைத்துக்கொண்டு டீலர் விதிப்படி கட்டாயம் சீட்டு எடுக்க வேண்டியிருப்பதால், அவர் 21-ஐத் தாண்டி உடைவதும் கூடுகிறது. அந்த நேரத்தில் மட்டும் பெட்டை ஏற்றுகிறீர்கள். ஏமாற்றுவது என்றால் சீட்டைத் தொட வேண்டும், மாற்ற வேண்டும், ஒளிக்க வேண்டும், இல்லை பார்க்கக்கூடாததைப் பார்க்க வேண்டும். நீங்கள் பார்ப்பதோ டேபிளில் எல்லார் கண் முன்னாலும் திறந்து கிடக்கிற சீட்டு.

உங்கள் மாமனார் ரம்மி ஆடாதவராக இருந்தாலும் ஆடுகிறவர்களைப் பார்த்திருப்பார். கீழே விழுந்த சீட்டை ஞாபகத்தில் வைத்து எதிராளி கையில் என்ன இருக்கும் என்று கணக்குப் போடுகிறவனை நம் ஊரில் கெட்டிக்காரன் என்போம், திருடன் என்று யாரும் சொன்னதில்லை. 1968-ல் இந்திய உச்ச நீதிமன்றம் ரம்மியை வெறும் அதிர்ஷ்ட ஆட்டம் இல்லை, திறமை ஆட்டம் என்று சொன்னபோது, விழுகிற சீட்டுகளை நினைவில் வைக்க வேண்டியிருக்கிறது என்பதையே ஒரு காரணமாகக் காட்டியது. பிளாக்ஜாக் பற்றிய தீர்ப்பு அது இல்லைதான், ஆனால் நியாயம் ஒன்றுதான்.

இன்னொன்றும் சொல்கிறேன், இது வெளியே அதிகம் பேசப்படாத விஷயம். ஒருவர் மேல் சந்தேகம் வந்தால் மேலே நாங்கள் என்ன செய்வோம் தெரியுமா? நாங்களும் எண்ணுவோம். வீடியோவை ஓடவிட்டு, ஷூவில் (சீட்டுக் கட்டுகளை வைத்து உருவும் பெட்டி) இருந்து வரும் ஒவ்வொரு சீட்டையும் கூட்டிக் கழித்து, கணக்கு ஏறும்போது அவர் பெட்டும் ஏறுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்ப்போம். கீழே உட்கார்ந்து எண்ணினால் பாவம், மேலே உட்கார்ந்து எண்ணினால் உத்தியோகம் என்றால் அது எந்த ஊர் நியாயம்? கேசினோ அதோடு நிற்பதும் இல்லை. உங்கள் மெம்பர் கார்டைக் கொடுத்த நிமிடத்திலிருந்து சராசரி பெட் எவ்வளவு, மணிக்கு எத்தனை கை (அதாவது எத்தனை ஆட்டம்), எத்தனை மணி நேரம், அதில் தங்களுக்கு எத்தனை சதவீதம் என்று பெருக்கி, நீங்கள் எவ்வளவு தோற்கவேண்டியவர் என்று எழுதி வைக்கிறது. இலவசச் சாப்பாடும் ரூமும் அந்தக் கணக்கிலிருந்துதான் வருகின்றன. எண்ணிக்கை இரண்டு பக்கமும் நடக்கிறது, ஒரு பக்கத்துக்குத்தான் கெட்ட பெயர்.

இந்த முறையும் ஒளிவுமறைவாக வந்தது இல்லை. எட்வர்ட் தார்ப் என்ற கணித ஆசிரியர் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஐ.பி.எம். 704 கணினியில் போட்டுப் பார்த்து, 1962-ல் புத்தகமாகவே அச்சடித்துக் கடையில் விற்றார். 1964-ல் லாஸ் வேகாஸ் கேசினோக்கள் பயந்துபோய் விதிகளை இறுக்கின, ஆட்டக்காரர்கள் வராமல் போகவே கொஞ்ச நாளிலேயே பழையபடி தளர்த்திக்கொண்டன. புத்தகத்தைப் படித்துவிட்டு ஜெயிக்கலாம் என்று கிளம்பி வந்தவர்களில் பெரும்பாலோர் ஒழுங்காக எண்ணத் தெரியாதவர்கள், அவர்கள் தோற்ற பணம் எண்ணத் தெரிந்தவர்கள் எடுத்ததைவிட எவ்வளவோ அதிகம். கேசினோவுக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்துதான் டேபிளைத் திறந்து வைத்திருக்கிறது.

சரி, சட்டம். லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தில் எண்ணுவது குற்றம் இல்லை, ஆனால் கேசினோ தனியார் இடம், 'உங்கள் ஆட்டம் போதும், கிளம்புங்கள்' என்று சொல்ல அதற்கு உரிமை உண்டு. நியூஜெர்சி கதை வேறு. கென் யூஸ்டன் என்று ஒருவர், பசிபிக் பங்குச் சந்தையில் பெரிய பதவியில் இருந்துவிட்டு முழுநேரச் சீட்டு ஆட்டத்துக்கு வந்தவர், 1979-ல் அட்லாண்டிக் சிட்டியில் ரிசார்ட்ஸ் கேசினோ அவரை வெளியேற்றியதும் கோர்ட்டுக்குப் போனார். 1982-ல் மாநில உச்ச நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. ஆட்டத்தின் விதிகளை வகுப்பது மாநில ஆணையம், எண்ணுகிறான் என்ற ஒரே காரணத்துக்காக ஆளை வெளியே தள்ளக் கேசினோவுக்குத் தானாக அதிகாரம் கிடையாது என்று. அதனால் கேசினோக்கள் சும்மா இருந்துவிடவில்லை. எட்டுக் கட்டு வைத்து ஆடுவது, பாதியிலேயே சீட்டைக் கலைப்பது, உங்கள் பெட்டுக்கு மட்டும் உச்சவரம்பு போடுவது எல்லாம் வந்தன, எல்லாம் அனுமதிக்கப்பட்டவையே. எனக்கு இதில் குறை ஒன்றும் தெரியவில்லை. உங்களுக்கு எண்ண உரிமை உண்டு என்றால் அவர்களுக்குக் கலைக்க உரிமை உண்டு.

'யார் காசு அது?' என்று மாமனார் கேட்டால் மட்டும் என்னால் அவ்வளவு சுலபமாகப் பதில் சொல்ல முடியாது. கேசினோவின் காசு என்பது தோற்றவர்களின் காசுதான். அதை நீங்கள் எடுத்ததால் அவர்களில் ஒருவரும் கூடுதலாகத் தோற்கப்போவதில்லை, அது ஒரு ஆறுதல். எண்ணுகிறவர்களால்தான் ஆட்டத்தின் விதிகள் மோசமாகின்றன என்று ஒரு வாதம் உண்டு. எட்டுக் கட்டு விஷயத்தில் அதில் பாதி உண்மை. ஆனால் இன்றைக்கு எங்கு பார்த்தாலும் பிளாக்ஜாக்குக்கு 3:2-க்குப் பதில் 6:5 கொடுக்கும் டேபிள் போடுகிறார்களே, 20 டாலருக்கு 30 வர வேண்டிய இடத்தில் 24 வருகிறதே, அதற்கு எண்ணுகிறவர்கள் காரணம் இல்லை. எழுத்தைப் படிக்காமல் உட்காருகிறவர்களிடம் கிடைத்தவரை லாபம் என்ற எண்ணம்தான் காரணம், கேசினோவின் சாதகத்தை அது சுமார் 1.4 சதவீதம் ஏற்றிவிடுகிறது. எண்ணாமல், எந்தக் கைக்கு என்ன செய்ய வேண்டும் என்ற அடிப்படை ஆட்டத்தை நன்றாக ஆடுகிறவருக்கு எதிராக மொத்தச் சாதகமே அரை சதவீதம் அளவில்தான் என்பதை நினைத்துப் பாருங்கள். நான் கண்காணிப்பு அறையில் இருந்த காலத்தில், யாராவது எண்ணி முந்நூறு நானூறு டாலர் ஜெயித்தால் கீழேயிருந்து உடனே போன் வரும், அந்த ஆளைப் பாருங்கள் என்று. காலையில் நான் வேலைக்கு வந்தபோது ஸ்லாட் மெஷின் முன்னால் இருந்த ஒரு அம்மா, நான் கிளம்பும்போதும் அங்கேயே இருப்பார், கார்டில் இன்னொரு ஆயிரம் எடுத்துக்கொண்டு வருவார். அவரைப் பற்றி ஒரு போன்கூட வந்ததில்லை. ஆட்டத்தின் ஒழுக்கம் பற்றிக் கேசினோ பேசும்போதெல்லாம் எனக்கு அந்த அம்மா ஞாபகம்தான்.

இனி, எங்கே தப்பு ஆரம்பிக்கிறது? என்னைக் கேட்டால் டீலரைப் பொய் சொல்லி ஒரு காரியம் செய்ய வைக்கிற இடத்தில். போக்கர் ஆட்டக்காரர் பில் ஐவியின் வழக்கு உங்களுக்குத் தெரிந்திருக்கலாம். 2012-ல் அவரும் கூட்டாளி செங் யின் சுன்னும் லண்டனில் கிராக்ஃபோர்ட்ஸ், அட்லாண்டிக் சிட்டியில் போர்காட்டா என்ற இரண்டு கேசினோவிலும் பக்காரா என்ற சீட்டாட்டம் ஆடினார்கள். சீட்டின் பின்பக்க ஓரத்தில் டிசைன் வெட்டு சமமாக இல்லாத கட்டைக் கேட்டு வாங்கி, தனக்கு இது ராசி, அந்தச் சீட்டைத் திருப்பி வை, இதை அப்படியே வை என்று டீலரிடம் சொல்லி, நல்ல சீட்டெல்லாம் ஒரு பக்கமாகத் திரும்பி நிற்கும்படி செய்துவிட்டார்கள். அப்புறம் முதுகைப் பார்த்தாலே சீட்டு தெரியும். லண்டனில் ஜெயித்த 77 லட்சம் பவுண்டை கேசினோ தரவே இல்லை. ஐவி வழக்குப் போட்டார், 2017-ல் பிரிட்டிஷ் உச்ச நீதிமன்றம் இது மோசடி ஆட்டம்தான் என்றது, நான் செய்தது திறமை என்று அவர் மனதார நம்பினாலும் சரியே என்றது. போர்காட்டா 96 லட்சம் டாலரைக் கொடுத்துவிட்டுத் திருப்பிக் கேட்டது. அங்கே நீதிபதி மோசடி என்று சொல்லவில்லை, ஆட்டத்துக்கான ஒப்பந்தத்தை மீறியதாகச் சொல்லிப் பணத்தைத் திருப்பச் சொன்னார். ஐவியின் பக்கம் பேசுகிறவர்கள் நிறைய, கேசினோ ஒத்துக்கொண்டுதானே செய்தது என்பார்கள். நான் டீலராக இருந்தவன், எனக்கு அந்த வாதம் ஏறவில்லை. அந்த டேபிளில் நின்ற பெண்ணின் கையை அவருக்கே தெரியாமல் கருவியாக்கிவிட்டார்கள், விசாரணை என்று வந்தால் முதலில் பதில் சொல்ல வேண்டியது அவர்தான். எண்ணுகிறவன் டீலரிடம் எதையும் கேட்பதில்லை. போகிற போக்கில் ஒன்று: டீலரின் சம்பளம் சொற்பம், டிப்ஸில்தான் குடும்பம் ஓடுகிறது. கணக்குக்கு நஷ்டம் என்று ஒரு பைசா டிப்ஸ் வைக்காமல் எழுந்து போகிறவர்கள் உங்கள் ஆட்களில் அதிகம். அப்படி இருக்காதீர்கள்.

இப்போது அந்தக் குழு. ஆப், இயர்போன் என்ற இரண்டு சொல்லைக் கேட்டதுமே எழுந்து வந்திருக்க வேண்டும். தலையால் எண்ணலாம், கருவியால் எண்ணினால் குற்றம். நெவாடா 1985-லேயே சட்டம் போட்டது, நியூஜெர்சியிலும் தடை உண்டு. இதில் மனசாட்சிக் கேள்விக்கே இடமில்லை, கைவிலங்குதான். அதைச் சாதாரணமாக உங்களிடம் சொல்கிறார்கள் என்றால் ஒன்று அவர்களுக்குச் சட்டம் தெரியாது, அல்லது பிடிபடப்போவது நீங்கள்தான் என்று தெரியும்.

வேறு பெயர் விஷயமும் அப்படித்தான். டேபிளில் மெம்பர் கார்டு கொடுக்காமல் உட்காருவதோ, யாராவது பெயர் கேட்டால் 'ராஜ்' என்று சொல்லிவிட்டுச் சிரிப்பதோ, குடித்த மாதிரி நடிப்பதோ ஆட்டத்தின் பாகம். போக்கரில் பொய் முகம் காட்டுவதை யாரும் பாவம் என்பதில்லை. ஆனால் ஒரு நாளில் 10,000 டாலருக்கு மேல் ரொக்கம் கைமாறினால் கேசினோ அடையாள அட்டை வாங்கி மத்திய அரசுக்கு அறிக்கை அனுப்பியாக வேண்டும். அங்கே போலி அட்டை நீட்டுவது குற்றம், அறிக்கை போகக் கூடாது என்று பணத்தை ஒன்பதாயிரம் ஒன்பதாயிரமாகப் பிரித்து மாற்றுவதும் தனியாக ஒரு குற்றம், பணம் நேர்மையாக ஜெயித்ததாக இருந்தாலும். இது நிறைய பேருக்குத் தெரியாது. கிரீன் கார்டு வரிசையில் நிற்கிற நீங்கள் இதில் கையை விட்டால் போவது ஆட்டத்துப் பணம் மட்டும் இல்லை. விசா பற்றி நான் பேச லாயக்கில்லை, குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒரு மணி நேரம் காசு கொடுத்துக் கேளுங்கள். ஜெயித்ததை வரியில் காட்டுகிறீர்களா என்பதையும் நீங்கள் எழுதவில்லை. பிளாக்ஜாக்கில் கேசினோ உங்களிடம் படிவம் நீட்டாது, அதற்காகக் காட்ட வேண்டாம் என்று ஆகாது.

குழுவாக ஆடுவதே தப்பா என்றால் இல்லை. 1970-களின் தொடக்கத்தில் அல் பிரான்செஸ்கோ என்பவர் கொண்டுவந்த ஏற்பாடு அது. டேபிளுக்கு டேபிள் சிலர் சின்ன பெட் போட்டு எண்ணிக்கொண்டே இருப்பார்கள், கணக்கு சூடானதும் சைகை போகும், பணக்காரத் தோரணையில் ஒருவர் வந்து பெரிதாகப் போடுவார். மேலே இருந்து இதைப் பிடிப்பது பெரும் தலைவலி, அதனால் எனக்குப் பிடிக்காது, ஆனால் ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். பிரான்செஸ்கோவின் குழுவில் வளர்ந்தவர்தான் மேலே சொன்ன யூஸ்டன். 1977-ல் அந்த ரகசியத்தைப் புத்தகமாகப் போட்டுவிட்டார், பிரான்செஸ்கோ அதைத் துரோகமாகத்தான் எடுத்துக்கொண்டார். கேசினோவுக்கும் எண்ணுகிறவனுக்கும் நடுவில் இருப்பது வெளிப்படையான போட்டி. நம்பிக்கை என்பது குழுவுக்குள்தான் தேவைப்படுகிறது, அங்கேதான் உடையவும் செய்கிறது. யாரும் பார்க்காத இடத்தில் கை நிறையச் சிப்ஸோடு நிற்பீர்கள், இன்று எட்டாயிரம் தோற்றேன் என்று நீங்கள் சொன்னால் அவர்கள் நம்ப வேண்டும், அவர்கள் கணக்கை நீங்கள் நம்ப வேண்டும். தோற்றால் யார் தலையில், பங்கு எப்போது, கணக்குப் புத்தகத்தை யார் பார்க்கலாம் என்பதெல்லாம் எழுத்தில் இல்லாத குழுவில் சேராதீர்கள். உங்களைக் கூப்பிடுகிற இந்தக் குழுவில் எழுத்தில் இருந்தாலும் சேராதீர்கள்.

கடைசியாக, நீங்கள் ஒரு வரியில் தாண்டிப்போன விஷயம். எவ்வளவு வைத்து ஆடுகிறீர்கள் என்பது மனைவிக்கு 'அவ்வளவாகத் தெரியாது'. அது என்ன அவ்வளவாக? சராசரி பெட் 25 டாலர், மணிக்கு 80 கை என்று வைத்தால் 2,000 டாலர் சுற்றுகிறது. நன்றாக எண்ணுகிறவருக்குச் சாதகம் ஒரு சதவீதம் அளவு, அதாவது மணிக்கு 20 டாலர். அதே ஒரு மணி நேரத்தில் ஐந்நூறு மேலே போவதும் ஐந்நூறு கீழே போவதும் சர்வ சாதாரணம். தப்பே செய்யாமல் ஆடினாலும் மாதக்கணக்கில் தோற்கலாம், தோற்பார்கள், நல்ல ஆட்டக்காரர்களே அப்படித் தோற்று நான் பார்த்திருக்கிறேன். 'இதுவரை கொஞ்சம் லாபம்' என்பதில் உங்கள் திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று இத்தனை குறைந்த ஆட்டத்தில் யாராலும் பிரிக்க முடியாது. அந்த ஆட்டத்தில் இறங்கும் பணம் இரண்டு பேர் சேமிப்பு என்றால், அந்தக் கீழே போகும் மாதங்களுக்கு அவரும் சம்மதிக்க வேண்டும். கேசினோவுக்கு நீங்கள் எதையும் மறைக்கவில்லை, திறந்த சீட்டைப் பார்த்து ஆடினீர்கள். வீட்டில்தான் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைத்திருக்கிறீர்கள். முதலில் மனைவியிடம் தொகையைச் சொல்லுங்கள், அதற்கென்று தனிக் கணக்கு வைத்து இதற்கு மேல் ஒரு டாலர் போகாது என்று இருவருமாக ஒரு எல்லை போடுங்கள். மாமனாரை அப்புறம் சமாதானப்படுத்திக்கொள்ளலாம், அவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் குடி மூழ்கிவிடாது.

உதடு பற்றிக் கேட்டீர்கள். உதடு அசைவது அபூர்வம், புதியவர்களிடம் மட்டும் பார்க்கலாம். பெட்தான் காட்டிக்கொடுக்கும், இருபது நிமிடம் 15 டாலரில் இருந்தவர் சின்னச் சீட்டாகக் கொட்டியதும் 150 போடுவார், கட்டைக் கலைத்ததும் மறுபடி 15. டீலர் 10 காட்டும்போது கையில் இருக்கும் 16-க்கு ஒரு முறை சீட்டு எடுப்பார், இன்னொரு முறை எடுக்காமல் நிற்பார். எப்போதும் இன்ஷூரன்ஸ் (டீலருக்குப் பிளாக்ஜாக் விழும் என்று தனியாகப் போடும் பெட்) வேண்டாம் என்கிறவர் பெட் பெரிதாக இருக்கும்போது மட்டும் வேண்டும் என்பார். கண் அடிக்கடி ஆடி முடித்த சீட்டுகள் அடுக்கியிருக்கும் தட்டுக்குப் போகும், இன்னும் எத்தனை கட்டு மிச்சம் என்று பார்க்க. பக்கத்தில் யாராவது ஊர் பெயர் கேட்டால் பதில் அரை நொடி தாமதமாக வரும். இவ்வளவும் சேர்ந்தால் மேலே நாங்கள் எண்ண ஆரம்பிப்போம். அப்புறம் சூப்பர்வைசர் வந்து இந்த டேபிளில் இனி உங்களுக்கு 25 டாலர்தான் என்றால் வாக்குவாதம் வேண்டாம், அது அவர்கள் உரிமை, சிப்ஸை எடுத்துக்கொண்டு கிளம்புங்கள். எண்ணுகிறீர்கள் என்று சொல்லி நியூஜெர்சியில் கேசினோவை விட்டே வெளியேற்றினால் மட்டும் தேதி, நேரம், டேபிள் எண் குறித்துக்கொண்டு மாநிலச் சூதாட்ட அமலாக்கப் பிரிவுக்கு எழுதுங்கள்.